ஏழு நாளில் மொரீசியசைப் பாய்மரப் படகில் சுற்றிவர முடியுமா?

கேள்வி: அக்டோபரில் குடும்பத்துடன் மொரீசியசுக்கு வருகிறோம். ஏழு நாளில் பாய்மரப் படகில் தீவை ஒரு சுற்றுச் சுற்றிவர எண்ணம். இரவில் எங்கெங்கே நங்கூரம் போடலாம், எங்கே கரையிறங்கலாம்?

பதில்: எனக்கு முன் பதில் எழுதிய ஒருவர், தீவின் நீளம் 65 கிலோமீட்டர், அகலம் 45 கிலோமீட்டர்தான், நான்கு நாளே போதும் என்று சொல்லியிருக்கிறார். அதைப் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. குழந்தைகளுடன் வருகிறீர்கள் என்று நினைத்தே எழுதுகிறேன். தயவுசெய்து தீவைச் சுற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வடக்கையும் மேற்கையும் மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த ஏழு நாளும் நிறைவாக அமையும்.

நான் தீவின் மேற்குக் கரையில் உள்ள ரிவியேர் நுவாரில் பிறந்தவன். பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். என்னை வளர்த்த தாய்மாமன் பிரோக் என்னும் சிறிய மரப்படகில் மீன் பிடித்தவர். காற்றையும் நீரின் நிறத்தையும் படிக்க எனக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார். அக்காவின் கணவரும் நானும் ஒன்பது மீட்டர் நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றைப் பங்காக வைத்திருக்கிறோம். பெருங்கடல் தாண்டியவன் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. பெரிய படகுகளில் வந்தவர்கள் இதைப் படித்துவிட்டு, இவன் வீணாகப் பயமுறுத்துகிறான் என்று எண்ணக்கூடும். அவர்களுடைய அனுபவத்தை நான் மறுக்கவில்லை. முதல்முறை வரும் ஒரு குடும்பத்துக்கு எது ஏற்றது என்பதை மட்டுமே சொல்கிறேன்.

இங்கே ஆண்டின் பெரும்பகுதியும் காற்று தென்கிழக்கிலிருந்து வீசுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அதன் வேகம் அதிகம்; அக்டோபரில் சற்றுத் தணியும், மழையும் குறைவு. நவம்பரிலிருந்து புயல் பருவம் என்பதால் நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் நல்ல மாதம். ஆனால் கிழக்குக் கரை எப்போதும் காற்றுக்கு முகம் கொடுத்தே நிற்கிறது. 1744-இல் செயிண்ட் ஜெரான் கப்பல் உடைந்ததும், 2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ என்ற மாபெரும் சரக்குக் கப்பல் பவளப்பாறையில் ஏறி, பின்னர் ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கலந்ததும் அந்தப் பக்கத்தில்தான். தெற்கே சூயாக், கிரி கிரி பகுதியில் பவளத்தடுப்பே கிடையாது. தென்பெருங்கடலிலிருந்து வரும் அலை நேராகக் கரும்பாறையில் மோதுகிறது. தென்மேற்கு மூலையில் உள்ள லெ மோர்ன் முனையைத் தாண்டிவிட்டால் தென்கரை நெடுக நம்பி ஒதுங்க இடமில்லை. 1810-இல் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலேயக் கப்பல்களும் போரிட்ட மாயெபூர் விரிகுடாவைப் பார்த்தே தீரவேண்டும் என்றால் ஒரு நாள் பேருந்தில் போய் வாருங்கள்.

மற்ற இடங்களில் தீவைச் சுற்றிப் பவளத்தடுப்பு வேலி போல் நிற்கிறது. அதற்கும் கரைக்கும் நடுவே அமைதியான லகூன். தடுப்பில் ஆங்காங்கே உள்ள வாயில்களை இங்கே 'பாஸ்' என்பார்கள். அவற்றின் வழியாக மட்டுமே உள்ளே நுழைய முடியும். நுழையும்போது சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் நிறம் தெரியும்: வெளிர்பச்சை என்றால் மணல், பழுப்பு என்றால் பவளம், கருநீலம் என்றால் ஆழம். மேற்குக் கரையில் கிழக்கு நோக்கி நுழைவதால் நண்பகலுக்கும் மூன்று மணிக்கும் இடைப்பட்ட நேரமே சரி. காலையில் போனால் வெயில் கண்ணில் அடித்து நீர்ப்பரப்பு முழுவதும் பித்தளைத் தட்டுப் போல மின்னும், அடியில் இருப்பது எதுவும் தெரியாது. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. இங்கே கடல் ஏறி வற்றும் அளவு சுமார் அரை மீட்டர்தான். தரை தட்டிய படகை ஏற்றம் வந்து தூக்கிவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபரில், அத்தானும் அவருடைய எட்டு வயது மகளும் நானும் வடக்கிலிருந்து ரிவியேர் நுவார் விரிகுடாவுக்குள் பிற்பகலில் நுழைந்தோம். மேற்கிலிருந்து இதமான கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. ஏழு மீட்டர் ஆழத்தில் மணல் தரையில் நங்கூரத்தை இறக்கி, 35 மீட்டர் சங்கிலி விட்டோம். படகு கரைப் பக்கமாகத் திரும்பி அழகாக நின்றது. பின்னால் போதிய இடம் இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, கடல் பக்கம் இருந்த பவளத்திட்டு எத்தனை மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று அளக்கவில்லை. நான் பிறந்த ஊர் என்ற எண்ணமே என்னை அசட்டையாக இருக்கச் செய்தது.

இருட்டிய பிறகு மலையிடுக்கிலிருந்து ஆற்றின் வழியே நிலக்காற்று இறங்கத் தொடங்கியது. மேற்குக் கரையில் பெரும்பாலான இரவுகளில் இது நடக்கும். தூங்கிக்கொண்டிருந்த எங்களுக்குத் தெரியாமல் படகு நங்கூரத்தைச் சுற்றி அரைவட்டம் அடித்துவிட்டது. முதலில் விழித்தவள் குழந்தைதான். "மாமா, கீழே யாரோ பல்லைக் கடிக்கிறார்கள்" என்று என் தோளைத் தொட்டு எழுப்பினாள். தரைப்பலகையில் காதை வைத்தேன். சங்கிலி பவளக்கல்லின் மீது இழுபட்டு நறநறவென்று அரைபடும் ஓசை படகின் வயிறு முழுவதும் கேட்டது. மேலே ஏறி விளக்கடித்தபோது, சுக்கானுக்குக் கீழே ஒரு முழ ஆழத்தில் பழுப்புக் கல் தெரிந்தது. அடுத்த சிற்றலையில் சுக்கானின் அடிமூலை அதில் தட்டியது. அந்த அதிர்வு கைப்பிடி வழியாக என் முழங்கை வரை ஏறியது.

அத்தான் ஒரு வார்த்தையும் பேசாமல் சிறுபடகில் இறங்கினார். இரண்டாவது நங்கூரத்தை மடியில் வைத்துக்கொண்டு, நாற்பது மீட்டர் தள்ளி மணலுக்குத் துடுப்பு வலித்துப் போய் இறக்கினார். நான் கயிற்றைச் சுழல்சகடையில் சுற்றி அடி அடியாகப் படகை இழுத்தேன். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. சுக்கானின் ஓரத்தில் உள்ளங்கை அளவு நார்ப்பூச்சு பெயர்ந்திருந்தது; அதற்கு மேல் சேதமில்லை. காலையில் முகமூடி அணிந்து இறங்கிப் பார்த்தபோது, சங்கிலி அரைத்த இடத்தில் கிளைப்பவளம் ஒடிந்து வெள்ளையாகக் கிடந்தது. எங்கள் படகுக்கு நேர்ந்ததை விட எனக்கு அதுதான் வருத்தம். அன்றிலிருந்து நங்கூரம் போட்டதும் நீந்திப் போய் அதைக் கண்ணால் பார்க்கிறேன்; சங்கிலியின் முழு நீளத்துக்கும் நான்கு பக்கமும் மணல் இருந்தால்தான் அங்கே இரவு தங்குகிறேன்.

இனி உங்கள் ஏழு நாள். வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மாலுமியுடன் வரும் இரட்டைக்கூட்டுப் படகுகள். உலகமே 'கட்டமரான்' என்று அழைக்கும் அந்தப் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்பதை உங்கள் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். கிரான் பேயிலிருந்து தொடங்குவது நல்லது. தென்கிழக்குக் காற்றுக்கு மறைவான விரிகுடா அது, கடைகளும் அருகில்தான். மிதவைகள் காட்டும் வழியை விட்டு விலகாமல் நுழையுங்கள். முதல் இரண்டு நாளில் காற்று மெலிந்த ஒரு காலையில் வடக்குத் தீவுகளுக்குப் போய் வாருங்கள். காப் மாலெரேயின் சிவப்புக் கூரைத் தேவாலயத்தைக் கடந்து, குவான் தெ மீர் தீவின் செங்குத்துப் பாறைக்கு அப்பால் போனால், தட்டைத்தீவும் காப்ரியேல் தீவும் ஒரே லகூனைப் பகிர்ந்துகொண்டு கிடக்கும். பகலில் நீந்தவும் நடக்கவும் அருமையான இடம். இரவு தங்க வேண்டாம். தட்டைத்தீவில் 1855-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1856-இல் கல்கத்தாவிலிருந்து வந்த இரண்டு கப்பல்களின் கூலித் தொழிலாளர்கள் காலரா அச்சத்தால் காப்ரியேல் தீவில் இறக்கிவிடப்பட்டு, அவர்களில் ஏராளமானோர் அங்கேயே மடிந்தார்கள். அந்த மணலில் பாய் விரித்துச் சாப்பிடும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

அங்கிருந்து திரும்பித் தெற்கே போர்ட் லூயிஸ். வெளிநாட்டிலிருந்து சொந்தப் படகில் வருவோர் முதலில் இங்கேதான் பதிவு செய்ய வேண்டும். துறைமுகத்தில் ஓரிரவு கட்டிவிட்டு, கூலித் தொழிலாளர்களாக வந்த நம்மவர்கள் கப்பலிறங்கி ஏறிய ஆப்ரவாசி காட் படிகளையும், கைலாசம் கோயிலையும் பாருங்கள். சந்தையில் தால்பூரி என்னும் பருப்பு ரொட்டி வாங்கிக்கொள்ளுங்கள். விடியற்காலையில் புறப்பட்டால் பிற்பகலுக்குள் ரிவியேர் நுவார் வந்துவிடலாம். அங்கே மூன்று இரவு தங்குங்கள். ல ப்ரெனெஸ் கரையில் 1830-களில் ஆங்கிலேயர் கட்டிய மார்ட்டெல்லோ கோபுரம் என்னும் வட்டமான காவல் கோபுரம் இப்போது அருங்காட்சியகம். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த லெ மோர்ன் மலைக்கு அங்கிருந்து சாலை வழியே போகலாம். தமரின் விரிகுடாவில் இரவு தங்காதீர்கள். தென்மேற்கு அலை நேரே உள்ளே வரும், யாராலும் தூங்க முடியாது.

கரையிறங்குவது பற்றி ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். மேற்குக் கரையில் ஒரு விடுதியின் முன்னால், ஈர மணலில் சிறுபடகை ஏற்றி அக்கா மகள் கால் நனைத்துக்கொண்டிருந்தபோது, காவலாளி வந்து "தோந்தோன் (மாமா), இங்கே நிற்கக்கூடாது" என்று இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலில் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். ஆனால் இந்நாட்டில் அலை ஏறும் கோடு வரை கடற்கரை பொதுமக்களுடையது. என் மாமன் வலை உலர்த்திய மணலில் நான் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால் அமைதியாக இதை எடுத்துச் சொல்லுங்கள், சண்டை வேண்டாம். பாய்நாற்காலிகள் போட்டிருக்கும் இடத்துக்கு மேலே மட்டும் ஏறாதீர்கள்.

உங்கள் படகு நீருக்குக் கீழே எத்தனை மீட்டர் இறங்கும் என்பதையும் குழந்தைகளின் வயதையும் எழுதுங்கள். ரிவியேர் நுவாரில் எந்த இடத்தில் நான்கு பக்கமும் மணல் இருக்கிறது என்பதை அதற்கேற்பச் சொல்கிறேன்.