கலரா, கறுப்பு வெள்ளையா? இயற்கை அப்ஸ்ட்ராக்ட் படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: சார், மரப்பட்டை, மணல் வரி, தண்ணீர் நெளிவு என்று நெருங்கிப் போய், பொருளைவிட வடிவமும் நிறமும் தெரிகிற அப்ஸ்ட்ராக்ட் படங்களாக எடுக்கிறேன். ஒவ்வொன்றையும் கலரில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று என்று செய்துவைத்துவிட்டு எதை வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தவிக்கிறேன். சுலபமான வழி ஏதாவது உண்டா?

பதில்: இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் கூடும். அதற்கு முன் ஒன்று பாருங்கள். இந்தப் படத்தில் ஒரு பகுதியை இன்னொரு பகுதியிலிருந்து பிரித்துக் காட்டுவது வெளிச்ச வேறுபாடா, நிற வேறுபாடா?

சாய்ந்த வெயிலில் மணல் வரிகள் என்றால், ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். நிறமோ முழுக்க ஒரே பழுப்பு. கலரை எடுத்துவிட்டால் நஷ்டம் எதுவும் இல்லை. ‘இது மணல்’ என்ற எண்ணம் பின்வாங்கி, கோடுகள் முன்னே வருகின்றன.

இப்போது நிழலில் ஓடும் ஓடையை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே வெயில் பட்ட செம்பாறை. ஒரு நெளிவில் பாறையின் ஆரஞ்சு, அடுத்த நெளிவில் வானத்தின் நீலம். இரண்டின் பிரகாசமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், கறுப்பு வெள்ளையில் அது சாம்பல் தண்ணீர், அவ்வளவுதான். அந்த ஆரஞ்சும் நீலமும் உரசிக்கொள்வதுதான் அங்கே படமே.

சிக்கல், நடுவில் நிற்கும் படங்களில்தான். பாசி படிந்த மரப்பட்டையில் வடிவமும் இருக்கும், நிறமும் இருக்கும். அங்கே நான் பார்ப்பது, நிறம் அந்தப் பொருளின் பெயரை உரக்கச் சொல்கிறதா என்பதை. பச்சையைப் பார்த்ததும் ‘பாசி’ என்று மனம் முடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டால், அந்தப் பச்சை எனக்கு வேண்டாம்.

கேள்வி: சிவப்புப் பூ, பச்சை இலை. கலரில் கண்ணைப் பறிக்கிறது. கறுப்பு வெள்ளையாக்கினால் இரண்டும் ஒரே சாம்பல். ஏன்?

பதில்: நிறத்தைத் தூக்கிவிட்டால் மிஞ்சுவது பிரகாசம் மட்டும். அதைக் கணக்கிடும்போது மூன்று நிறங்களுக்கும் சம பங்கு கிடையாது. பரவலாகப் பயன்படும் ஒரு கணக்கில் பச்சைக்கு ஏறக்குறைய 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7. நம் கண்ணும் பச்சையின் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. அதனால் பளிச்சென்ற சிவப்பும் அடர்ந்த பச்சையும் ஒரே அளவில் வந்து நிற்பது சகஜம்.

‘சாச்சுரேஷன்’ (நிறச் செறிவு) ஸ்லைடரைப் பூஜ்யத்துக்கு இழுப்பதை விட்டுவிடுங்கள். லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் கறுப்பு வெள்ளைப் பகுதிக்குப் போனால் எட்டு நிறங்களுக்குத் தனித்தனி ஸ்லைடர் இருக்கும். சிவப்பை ஏற்றினால் பூ வெளுக்கும், இறக்கினால் கறுக்கும். இலைக்குப் பச்சையை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலான இலைகள் மஞ்சள் ஸ்லைடருக்குத்தான் அதிகம் அசையும். பிலிம் காலத்தில் இந்த வேலையை லென்ஸின் முன் மாட்டும் வண்ண ஃபில்டர் செய்தது. சிவப்பு ஃபில்டர் போட்டால் நீல வானம் கறுக்கும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அன்சல் ஆடம்ஸ் 1927ல் அங்குள்ள யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது வானத்தைக் கறுப்பாக்கியது அப்படித்தான்.

இன்னொன்று, சிவப்புப் பூவை எடுக்கும்போது ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) சிவப்புச் சேனலைத் தனியாகப் பாருங்கள். மொத்த வெளிச்சம் சரியாகத் தெரியும்போதே அது மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். வழிந்துவிட்டால் இதழின் நரம்புகள் போயிற்று. கறுப்பு வெள்ளையிலும் அவை திரும்பி வராது.

கேள்வி: கேமராவிலேயே மோனோக்ரோம் வைத்து எடுக்கலாமா அண்ணா?

பதில்: தாராளமாக, ஆனால் ரா ஃபைலில், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைலில். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், ஃபைலுக்குள் நிறம் பத்திரமாக இருக்கும். ஜேபெக் மட்டும் எடுத்தால் நிறம் போனது போனதுதான்.

கேள்வி: நீல ஸ்லைடரைக் கீழே இழுத்து வானத்தைக் கறுப்பாக்கினேன். ஒரே புள்ளி புள்ளியாக, கிளைகளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு வேறு.

பதில்: ஒரு நிறத்தை மட்டும் அளவுக்கு மீறி இழுத்தால் அதிலுள்ள நாய்ஸும், அதாவது அந்தப் புள்ளிகளும், சேர்ந்து பெரிதாகும். பாதி தூரம் இழுங்கள். மீதியை மாஸ்க் போட்டு (வானத்தை மட்டும் தேர்ந்து) எக்ஸ்போஷரைக் குறைத்துச் சரிசெய்யலாம்.

கேள்வி: கேமராவை அசைத்து மரங்களைக் கோடுகளாக எடுக்கும் படங்கள் எனக்குக் கறுப்பு வெள்ளையில் சரியாக வருவதே இல்லை. எங்கே தப்பு?

பதில்: தப்பு எதுவும் இல்லை. கால் விநாடி, அரை விநாடி ஷட்டரில் கேமராவை மேலும் கீழும் அசைத்தால் பட்டையின் சொரசொரப்பு, இலையின் ஓரம் எல்லாம் கரைந்துவிடும். மிஞ்சுவது நிறத் திட்டுகள்தான். அவற்றையும் எடுத்துவிட்டால் எதைப் பார்ப்பது? வெள்ளைப் பட்டை மரங்களும் இருண்ட பின்னணியும் கிடைத்தால் விதிவிலக்கு.

கேள்வி: தண்ணீர் அப்ஸ்ட்ராக்டுக்கு போலரைசர் ஃபில்டர் கட்டாயமா?

பதில்: முக்கால்வாசி நேரம் கழற்றிப் பையில் போடச் சொல்வேன். நீங்கள் எடுக்கப் போவதே பிரதிபலிப்பை. அதை அழிப்பதற்குத்தான் போலரைசர். அடியில் கிடக்கும் கூழாங்கற்கள் வேண்டுமென்றால் மாட்டுங்கள். தண்ணீர்ப் பரப்பிலிருந்து சுமார் 37 டிகிரி கோணத்தில் பார்க்கும்போது அது நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: எனக்குச் சிவப்பு-பச்சை நிறக்குருடு. கறுப்பு வெள்ளையோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லதா, ஐயா?

பதில்: அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. உங்களுக்கு நீலமும் மஞ்சளும் தெளிவாகப் பிரியும். நிழல் நீலம், வெயில் மஞ்சள் என்ற இந்த ஜோடியை வைத்தே ஆயுள் முழுக்க எடுக்கலாம். வொய்ட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமநிலை) ஆட்டோவில் விடாமல் ‘டே லைட்’டில் நிறுத்துங்கள், ஆட்டோ அந்த வித்தியாசத்தைச் சமன் செய்யப் பார்க்கும். சிவப்பு, பச்சை ஸ்லைடர்களைத் தொடும்போது மட்டும் நம்பகமான இன்னொருவரிடம் காட்டிவிடுங்கள். கறுப்பு வெள்ளையில் உங்களுக்கு ஒரு சாதகமும் உண்டு. சிவப்பும் பச்சையும் மோதும் இடத்தில் மற்றவர்கள் மயங்குவார்கள்; உங்கள் கவனம் நேராக டோனுக்கு, அதாவது வெளிச்ச அளவுக்குப் போகும்.

கேள்வி: சுமாராக வந்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் ‘கலைப்படம்’ ஆகிவிடுகிறதே?

பதில்: முதல் பார்வைக்கு. கிறுக்கலான ஃபிரேம் கறுப்பு வெள்ளையிலும் கிறுக்கல்தான்.

கேள்வி: யாருடைய படங்களைப் பார்த்துப் பழகலாம்?

பதில்: ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸ் 1922ல் தொடங்கி எடுத்த மேகப் படங்கள். பலவற்றில் தரையே கிடையாது, மேல் எது கீழ் எது என்று பிடிபடாது. எட்வர்ட் வெஸ்டன் 1930ல் எடுத்த குடைமிளகாய். அதைப் பச்சை நிறத்தில் பார்த்திருந்தால் சமையலறைதான் ஞாபகம் வந்திருக்கும். கலருக்கு எர்ன்ஸ்ட் ஹாஸ். 1962ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய வண்ணப் படங்களுக்குத் தனிக் கண்காட்சி நடந்தது.

கேள்வி: ஒரே தொகுப்பில் இரண்டையும் கலக்கலாமா?

பதில்: பத்துப் படத்துக்குள் என்றால் கலக்காதீர்கள். நடுவில் வரும் ஒரு கலர்ப் படம் பக்கத்துப் படங்களை மங்க வைத்துவிடும். கலந்தே ஆகவேண்டுமென்றால் இரண்டு பகுதிகளாகப் பிரித்து, கறுப்பு வெள்ளையை முதலில் வையுங்கள்.