கிக்கரை மிதிக்கும் முன்: பழைய பைக் கேள்வி-பதில்

பழைய மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே சீரமைக்கும் வாசகர்கள் கேட்டவை இங்கே.

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக நின்றுகிடந்த 350 சிசி ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் பைக். கிக்கர் அசையவே இல்லை. என்ஜினைப் பிரிக்காமல் விடுவிக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் கிக்கர் மேல் ஏறி நின்று மிதிப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். ஒட்டிக்கொண்ட பிஸ்டன் ரிங் உடைவதும் புஷ்ராடு (வால்வைத் திறக்க உதவும் நீளக் கம்பி) வளைவதும் பெரும்பாலும் அந்த ஆத்திர மிதியில்தான்.

முதலில் எது பிடித்திருக்கிறது என்று தெரியவேண்டும். கிக்கரின் விசை கிளட்ச் வழியாகப் போகும் பைக்குகளில், கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் அழுத்துங்கள். இறங்கினால் கியர்பாக்ஸ் சுதந்திரமாக இருக்கிறது, பிடித்திருப்பது என்ஜின். இறங்காவிட்டால் கிளட்ச் பிளேட்டுகள் துருவில் ஒட்டியிருக்கவும் கூடும். கவரைக் கழற்றிப் பார்க்காமல் பழியை பிஸ்டன் மேல் போடாதீர்கள்.

என்ஜின்தான் என்று உறுதியானால் பிளக்கைக் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் சம அளவில் கலந்து சுமார் 50 மில்லி ஊற்றுங்கள். இரண்டும் தானாகப் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் ஊற்றவேண்டும். பெயின்ட் மேல் சிந்தினால் அதைக் கரைத்துவிடும். தினமும் மட்டத்தைப் பாருங்கள். குறைகிறது என்றால் கலவை ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது, நல்ல அறிகுறி. ஒரு வாரமாவது பொறுங்கள்.

இடையில் மறக்கக்கூடாத ஒன்று வால்வு. பிஸ்டனைப் போலவே வால்வின் தண்டும் கைடுக்குள் (அது நகரும் குழாய்க்குள்) ஒட்டியிருக்கலாம். அந்த நிலையில் என்ஜின் சுழன்றால் புஷ்ராடு வளையும், அல்லது திறந்தபடி நிற்கும் வால்வு பிஸ்டனில் இடிக்கும். ராக்கர் கவரைத் திறந்து வால்வு தண்டுகளுக்கும் அதே கலவையை விடுங்கள்; முடிந்தால் புஷ்ராடுகளை முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.

பிறகு பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, டாப் கியரில் போட்டு, சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டுங்கள். முன்னே மட்டும் தள்ளிக்கொண்டிருந்தால் பலன் குறைவு. ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் உடனே திருப்பி ஆட்டவேண்டும். கிராங்க் நட்டில் நீளக் குழாய் மாட்டி முறுக்குவது வேண்டாம். வாரம் கழிந்தும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் மேல் மரக்கட்டை வைத்துத் தட்டலாம். இரும்பு படவே கூடாது.

விடுபட்டதும் ஸ்டார்ட் செய்யும் ஆசை வரும். செய்யாதீர்கள். ரிங் உட்கார்ந்திருந்த இடத்தில் போரில் (சிலிண்டரின் உட்சுவரில்) துரு வளையம் இருக்கும். பிளாக்கைத் தூக்கி, அந்த இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் ரீபோர், அதாவது சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைவது. தேய்மானத்தை மேல், நடு, கீழ் என மூன்று மட்டத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்காக இரண்டு திசையில், மொத்தம் ஆறு அளவு எடுத்துப் பாருங்கள். மேல் ரிங் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் அதிகம் தேய்ந்திருக்கும்.

ஓவர்சைஸ் பிஸ்டன்கள் பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. எனப் படிப்படியாக வரும். பிஸ்டனை முதலில் வாங்குங்கள், அதைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்து அதற்கேற்ப போர் செய்யச் சொல்லுங்கள். போர் செய்துவிட்டுப் பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை. பெட்டியில் அச்சிட்ட அளவும் உள்ளே இருக்கும் பிஸ்டனின் அளவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. புதிய ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராக இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகளால்) பாருங்கள். 70 மி.மீ. போருக்கு 0.3 மி.மீ. அளவில் இருக்கவேண்டும். குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு போரைக் கீறும். அரத்தால் ஒரே முனையில் சீராகத் தேய்த்துச் சரிசெய்யலாம்.

கேள்வி: 13 ஸ்பேனர் ஏறவில்லை, 14 வழுக்குகிறது. பிரிட்டிஷ் வடிவமைப்பு பைக். நட்டு தேய்ந்துவிட்டதா?

நட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஸ்பேனர்தான் வேறு இனம். அது விட்வொர்த் எனும் பழைய பிரிட்டிஷ் மரை முறையில் கால் இன்ச் அளவு. தலையின் அகலம் 0.525 இன்ச், அதாவது 13.3 மி.மீ. விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருப்பது போல்ட்டின் விட்டம், தலையின் அகலம் அல்ல. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 3/16 விட்வொர்த் என்றால் 11.3 மி.மீ. இப்படி ஒரு செட் இல்லாமல் பழைய பிரிட்டிஷ் பைக்கைத் தொடவே வேண்டாம். 14-ஐப் போட்டு முனைகளை மழுக்கிய நட்டுகள்தான் பாதிப் பைக்குகளில் தொல்லை.

மரை விஷயம் இன்னும் நுட்பம். கால் இன்ச் விட்வொர்த்துக்கும் அமெரிக்க யூ.என்.சி. மரைக்கும் இன்ச்சுக்கு 20 மரைதான். ஆனால் ஒன்றின் கோணம் 55 டிகிரி, மற்றது 60. கையால் சுலபமாக ஏறும், முறுக்கினால் மரையைத் தின்றுவிடும். அதேபோல் கால் இன்ச் பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் நுண்மரை) போல்ட்டும் பிரிட்டிஷ் சைக்கிள் மரையும் இன்ச்சுக்கு 26 மரை, கோணம் வேறு. எண்ணிக்கையை மட்டும் பார்த்து போல்ட் வாங்காதீர்கள். மரை கேஜ் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி கண்ணுக்குத் தெரியும். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்தை எழுதிய உறையில் போடுங்கள்.

கேள்வி: டேங்க் உள்ளே முழுக்கத் துரு. கழிவறை ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்கிறார்கள். சரியா?

வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைத் தின்று முடித்ததும் நல்ல தகட்டைத் தின்ன ஆரம்பிக்கும். கழுவிய சில நிமிடங்களில் மறுபடி செந்துரு படியும். அதன் ஆவி பட்ட ஸ்பேனர்களும் துருப்பிடிக்கும்.

சிட்ரிக் அமிலம் போதும். லிட்டருக்கு 50 முதல் 100 கிராம், வெதுவெதுப்பான நீரில். அதற்கு முன் டேங்கைச் சோப்புத் தூளும் வெந்நீரும் விட்டு நன்றாகக் கழுவவேண்டும், ஏனெனில் காய்ந்த பெட்ரோல் பசைக்குள் அமிலம் இறங்காது. உதிரும் துருவுக்கு உள்ளே சிறிய நட்டுகளைப் போட்டுக் குலுக்கலாம். எத்தனை போட்டீர்கள் என்று எண்ணி, அத்தனையும் வெளியே எடுங்கள். டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் காக் வால்வைக் கழற்றி ஓட்டையை அடைத்து, கரைசலை விளிம்புவரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் நீர்மட்டத்தில் கோடு விழும். மூடியை இறுக்காதீர்கள், வாயு வெளியேற வழி வேண்டும். 12 மணி நேரத்தில் ஒருமுறை பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். வெளியே குரோமோ பெயின்ட்டோ இருந்தால் சிந்தியதை உடனுக்குடன் நீர்விட்டுத் துடையுங்கள்.

ஊற்றியதும் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்த நீரால் அலசி, பிறகு நல்ல நீரால் அலசி, தாமதிக்காமல் சூடான காற்றில் காயவையுங்கள். எரியும் திரவம் எதுவும் உள்ளே இருக்கும்போது மின்சார டிரையரைக் கொண்டுபோகக் கூடாது. காய்ந்ததும் 100 மில்லி 2டி ஆயில் (இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் ஆயில்) விட்டு எல்லாப் பக்கமும் படச் சுழற்றுங்கள்.

துரு போனபின் டேங்க் ஒழுகத் தொடங்கினால் அமிலத்தைக் குறைசொல்லாதீர்கள். ஓட்டை முன்பே இருந்தது, துருதான் அடைத்துக்கொண்டிருந்தது. ஊசி ஓட்டையை ஈயப் பற்று வைத்து அடைக்கலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் காலியாக இருந்த டேங்கிலும் வெடிக்கும் அளவுக்கு ஆவி இருக்கும். நெருப்பைக் கிட்டே கொண்டுபோகும் முன் பலமுறை கழுவி, ஓட்டைக்குச் சற்றுக் கீழ்வரை நீர் நிரப்பிக்கொள்ளுங்கள்.

உட்பூச்சு ரசாயனம் கடைசி வழிதான். எண்ணெய்ப் பசை மிச்சமிருக்கும் தகட்டின் மேல் பூசினால் பின்னால் தோல்போல உரிந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய பூச்சுகளைக் கரைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கார்புரேட்டரில் அரக்கு பூசிய தக்கை மிதவை இருந்தால் அதற்கும் அதே கதிதான்: அரக்கு கரையும், தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கும், கார்புரேட்டர் வழிந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: குளிர்ந்த நிலையில் ஒரே மிதியில் ஸ்டார்ட் ஆகிறது. கால்மணி நேரம் ஓடியதும் நின்றுவிடுகிறது. ஆறினால் மீண்டும் ஓடுகிறது. கார்புரேட்டரை நான்கு முறை கழுவியாயிற்று.

ஐந்தாவது முறை கழுவவேண்டாம். நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அது இல்லையென்றால், என்ஜின் சூடாக இருக்கும்போதே பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பாருங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். மங்கலாகவோ இல்லாமலோ இருந்தால் கண்டன்சர் அல்லது காயில். கண்டன்சர் பழுதென்றால் பாயிண்டில் (மின்சாரத்தைத் துண்டித்து ஸ்பார்க்கை உண்டாக்கும் தொடுமுனையில்) தீப்பொறி பறக்கும், முகம் கருகிக் குழிவிழுந்திருக்கும். சாதாரணமாக அதன் அளவு 0.2 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும். மலிவான வேலை, முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் (ஸ்பார்க் விழும் நேரமும்) மாறும். எனவே இடைவெளியை முதலில், டைமிங்கை அடுத்து.

மேக்னெட்டோ (பாட்டரி இல்லாமலே ஸ்பார்க் தரும் கருவி) உள்ள பழைய பைக்குகள் பலவற்றில் கண்டன்சர் ஆர்மெச்சருக்குள் (அதன் சுழலும் சுருளுக்குள்) இருக்கும். இதே சூட்டு நோய்க்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஆர்மெச்சரை இழுக்கும் முன் பிக்கப் பிரஷ், எர்த் பிரஷ், பாதுகாப்புத் திருகு மூன்றையும் வெளியே எடுத்துவிடவேண்டும், இல்லையென்றால் ஸ்லிப் ரிங் நொறுங்கும்.

கேள்வி: பழைய இரண்டு ஸ்ட்ரோக் பைக். கியர் ஆயில் குறைந்துகொண்டே வருகிறது, வெளியே ஒரு சொட்டுக் கசிவில்லை. புகை அதிகம்.

ஆயில் சைலன்சர் வழியாகப் போகிறது. கிளட்ச் பக்கக் கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது. கிராங்க் கேஸின் உறிஞ்சலில் ஆயில் உள்ளே இழுக்கப்படுகிறது. அசௌகரியம்தான், ஆனால் என்ஜினைக் கொல்லாது. கொல்வது மறுபக்கச் சீல். அது போனால் காற்றை இழுக்கும், கலவை மெலியும், ஆக்சிலரேட்டரை விட்டாலும் வேகம் இறங்காமல் நிற்கும், ஒருநாள் பிஸ்டன் பிடித்துவிடும். அதனால் ஒரு பக்கத்தை மாற்றும்போதே இரண்டையும் மாற்றுங்கள்.

சோதிக்க, கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பரால் அடைத்து, பிளக் துளை வழியே 0.4 பார் அளவுக்குக் காற்று ஏற்றிச் சோப்பு நீர் தடவுங்கள். அதற்குமேல் ஏற்றினால் நல்ல சீலும் கெடும். புதுச் சீலைப் போடும்போது தண்டின் பற்கள் மேல் மெல்லிய டேப் சுற்றி, சீலின் உதட்டில் கிரீஸ் தடவுங்கள். உதட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் இவ்வளவு வேலையும் வீண். பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் 25-க்கு 1 என்று சொல்லப்பட்ட பைக்குக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில். தோராயமாக ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள்.

கேள்வி: கிராங்க் கேஸை மணல் பிளாஸ்டிங் செய்து பளபளப்பாக்கலாமா?

வேண்டாம். ஆயில் துளைகளில் தங்கும் ஒரு துகள் பேரிங்கைத் தின்ன போதும். மண்ணெண்ணெய், பிரஷ், பொறுமை. பேரிங்கைக் கழற்ற கேஸை 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் தானே கழன்று விழும், சுத்தியல் தேவைப்படாது.

கேள்வி: பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு பவுடர் கோட்டிங் செய்யலாமா?

முதலில் சுரண்டத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். கழுவி, மெல்லிய பாலிஷ் போட்டாலே எழுந்துவரும் பெயின்ட் நிறைய உண்டு. கையால் இழுத்த கோடுகள் ஒருமுறை போனால் போனதுதான். சுரண்டியே ஆகவேண்டும் என்றால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த உப்புத்தாள் வேண்டாம், நீர்விட்டுத் தேய்த்து, முகக்கவசம் அணியுங்கள்.

பவுடர் கோட்டிங் சேஸிஸுக்கு உறுதியானது. ஆனால் தடிமன் அதிகம். சேஸிஸ் எண் மங்கிவிடும், பேரிங் உட்காரும் இடம் இறுகும், என்ஜின் மவுன்ட்டில் நசுங்கி போல்ட் தளரும், எர்த்தும் (மின்சாரம் சேஸிஸ் வழியே திரும்பும் இணைப்பும்) கிடைக்காது. அந்த இடங்களையெல்லாம் முன்பே மறைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் விரிசலை அதற்கு முன்பே தேடிவிடவேண்டும். பூச்சுக்கு அடியில் பிறகு தெரியாது.

கேள்வி: 6 வோல்ட் ஹெட்லைட் மின்மினிபோல எரிகிறது. 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாமா?

முதலில் எர்த்தைப் பாருங்கள். 6 வோல்ட்டில் 30 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். அரை வோல்ட் வழியில் தொலைந்தாலே வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். லைட் எரியும்போது ஹெட்லைட்டின் எர்த் முனைக்கும் பாட்டரியின் எர்த் முனைக்கும் இடையே மீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் பெயின்ட்டும் துருவும் தடுக்கின்றன. தனி எர்த் வயர் ஒன்று இழுங்கள். பழைய பிரிட்டிஷ் பைக்குகள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த் என்பதால் இணைக்கும் முன் வயரிங் படத்தைப் பாருங்கள்.

கேள்வி: ஸ்போக் கம்பிகளை நானே மாற்றலாமா?

மாற்றலாம். பழைய கம்பிகளை வெட்டும் முன் ஹப்பின் விளிம்பிலிருந்து ரிம் எவ்வளவு விலகி நிற்கிறது என்று இரு பக்கமும் அளந்து எழுதுங்கள். அது தொலைந்தால் சக்கரம் செயினுக்கு நேராக வராது. உள்பக்கக் கம்பிக்கும் வெளிப்பக்கக் கம்பிக்கும் வளைவு வேறு, கலக்காதீர்கள். கோட்டம் எடுக்கும்போது மேல்-கீழ் ஆட்டத்தை முதலில், பக்கவாட்டு ஆட்டத்தை அடுத்து. ஒரு நிப்பிளை (கம்பியை இறுக்கும் சிறு நட்டு) ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருப்பவேண்டாம். இரண்டும் 1 மி.மீ.க்குள் வந்தால் போதும். ட்யூப் பக்கம் நீட்டும் கம்பி முனைகளை அரத்தால் ராவிவிட்டு, சுமார் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒவ்வொரு கம்பியையும் மறுபடி தட்டிப் பாருங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி.