நாய் நகம் பட்டு ஒரு சொட்டு ரத்தம்தான், ஊசி தேவையா?

சென்னை காசிமேட்டில் தெருநாய் கீறியதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி கண்டிப்பாகத் தேவை. ரத்தம் வந்துவிட்டாலே அது மூன்றாம் வகைக் காயம், அதாவது மிகவும் ஆபத்தான வகை. எவ்வளவு ரத்தம் என்பது கணக்கில்லை.

முதலில் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். குழாயில் தண்ணீர் வராத நேரமென்றால் குடத்திலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டே இருங்கள். பிறகு பெட்டாடின். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அவை காயத்தை உறுத்தும், கிருமியைக் கொல்லாது.

அடுத்து அன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அங்கே ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள் (முதல் ஊசி போடும் நாள்தான் 0). தடுப்பூசி வேலைசெய்யச் சில நாளாகும். அதுவரை காக்க, இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை நோய் எதிர்ப்பு மருந்தைக் காயத்திலும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான், கேட்டு வாங்குங்கள். நாய்க்கு நோய் இருக்கிறதா என்று பத்து நாள் கவனிக்கலாம், ஆனால் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். நோய்க்குறி தெரிந்தபின் வைத்தியம் அநேகமாகப் பலிக்காது.