பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு, வேலூர்: விதிமுறைகள் அவ்வளவு கடுமையா? லேப்பில் ஃபெயில் ஆக்கிவிடுவார்களா?

நீங்கள் கேட்டிருப்பது: +2 தமிழ்வழியில் முடித்து வேலூரில் வேதியியல் சேர்ந்திருக்கிறீர்கள். சீனியர்கள் அட்டெண்டன்ஸ், ரெக்கார்டு, பிராக்டிகல் என்று பயமுறுத்துகிறார்கள். எதற்குப் பயப்பட வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம்?

தமிழ்வழிக்குப் பயப்படாதீர்கள். முதல் செமஸ்டரில் காலை வாருவது பெரும்பாலும் தியரி கிடையாது, லேப்தான். அதிலும் விடை தெரியாமல் போகிறவர்கள் குறைவு. ‘சும்மா ரூல் போடுறாங்க’ என்று அலட்சியம் செய்த சின்ன விஷயத்தில் மார்க்கை விடுகிறவர்கள்தான் அதிகம். அந்த ரூல் பலவற்றுக்குப் பின்னால் ஒரு வேதியியல் காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் மனப்பாடமே தேவைப்படாது.

முதலில் கணக்கு வழக்கு. நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் பெரும்பாலும் சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. வருகை 75 சதவீதம். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 68 நாள் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் கண்டோனேஷன் (வருகைக் குறைவுக்கான கட்டணம்) கட்டித் தப்பிக்கலாம், ரொம்பக் குறைந்தால் ஹால் டிக்கெட் வராது. தியரிக்குப் பொதுவாக இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. எக்ஸ்டர்னலில் தனியாகக் குறைந்தபட்ச மார்க் எடுக்க வேண்டும், இன்டர்னலில் 25க்கு 25 வாங்கியிருந்தாலும் அது காப்பாற்றாது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பங்கீடு மாறும். சேர்ந்த வாரமே டிபார்ட்மென்டில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சீனியர் வாய்வழிச் செய்தியை நம்ப வேண்டாம்.

இனி லேப். முதல் செமஸ்டர் பெரும்பாலும் டைட்ரேஷன்தான், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக இன்னொன்றில் விட்டு, வினை முடியும் இடத்தை நிற மாற்றத்தில் கண்டு அளப்பது. பியூரெட்டையும் (சொட்டு விடும் குழாய்) பிப்பெட்டையும் (அளந்து எடுக்கும் குழாய்) அவற்றில் எடுக்கப் போகும் கரைசலாலேயே கழுவ வேண்டும், வினை நடக்கும் கோனிக்கல் ஃபிளாஸ்கை மட்டும் வாலைவடிநீரில்தான் (டிஸ்டில்டு வாட்டர்) கழுவ வேண்டும். இதை மாற்றிச் செய்கிறவர்கள் வருடா வருடம் உண்டு. பியூரெட்டில் தண்ணீர் ஒட்டியிருந்தால் உள்ளே ஊற்றும் கரைசல் நீர்த்துப்போகும், ரீடிங் கூடும். ஃபிளாஸ்கைக் கரைசலால் கழுவினால், பிப்பெட்டில் அளந்த 20 மி.லி.க்கு மேல் கணக்கில் வராத கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். ஆனால் ஃபிளாஸ்கில் வாலைவடிநீர் எவ்வளவு இருந்தாலும் உள்ளே இருக்கும் பொருளின் அளவு மாறாது. அதனால் அதைத் துடைத்துக் காயவைத்து நேரத்தை வீணடிக்க வேண்டாம்.

வாலைவடிநீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நம் ஊர் போர் தண்ணீர். கடினத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) லிட்டருக்கு 500 மி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1 மி.லி. ஃபிளாஸ்கின் அடியில் தங்கினாலே, கடினத்தன்மையை அளக்கும் 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கரைசல் அரை மி.லி. கூடுதலாக இறங்கும். 20 மி.லி. ரீடிங்கில் அது இரண்டரை சதவீதப் பிழை. ‘எல்லாம் சரியாத்தான் சார் செஞ்சேன்’ என்று சொல்லும்போது உண்மையிலேயே எல்லாம் சரியாகத்தான் இருக்கும், குழாய்த் தண்ணீரைத் தவிர.

அடுத்தது பெர்மாங்கனேட். ஆக்ஸாலிக் அமிலத்தோடு செய்யும்போது 60 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்கச் சொல்வார்கள். ஆறிப்போனால் வினை மெதுவாகி, எண்ட் பாயிண்ட் (வினை முடியும் இடம்) வந்துவிட்டது போலப் பொய்யாக இளஞ்சிவப்பு நிற்கும். கொதிக்க விட்டால் ஆக்ஸாலிக் அமிலமே சிதையும். முதல் சில சொட்டுகளின் நிறம் சட்டென்று போகாது, பதற வேண்டாம். வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே அடுத்தடுத்த சொட்டுகளுக்கு வினையூக்கி, கொஞ்சம் உண்டானதும் வேகம் பிடிக்கும். நீர்த்த கந்தக அமிலத்தைத்தான் சேர்க்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் ஊற்றினால் பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்யும், ரீடிங் கூடும். நைட்ரிக் தானே ஆக்சிஜனேற்றி, ரீடிங் குறையும். அமிலம் போதாவிட்டால் கரைசல் பழுப்பாகக் கலங்கும். அந்த ஃபிளாஸ்கைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள், மேற்கொண்டு அமிலம் ஊற்றி ஒப்பேற்றப் பார்க்க வேண்டாம். நிறம் அடர்த்தி என்பதால் இதுபோன்ற கரைசலுக்கு மட்டும் பியூரெட்டில் திரவத்தின் மேல் விளிம்பைப் பார்த்து அளவு எடுக்க வேண்டும்.

மோர் சால்ட்டை (இரும்பு அம்மோனியம் சல்பேட்) வெறும் தண்ணீரில் கரைக்காதீர்கள், மஞ்சளாகிக் கலங்கும். முதலில் நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்துவிட்டு அப்புறம் குறி வரை நிரப்புங்கள். 250 மி.லி., 0.1 நார்மல் (செறிவின் அலகு) என்றால் 9.8 கிராம்.

தேர்வில் அதிகம் பேர் மாட்டுவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்கில் கொடுத்த கரைசலை 100 மி.லி.க்கு மேக்கப் செய்துவிட்டு (குறி வரை தண்ணீர் நிரப்பிவிட்டு) குலுக்காமல் பிப்பெட் போடுவது. மேலே நீர்த்தும் அடியில் அடர்த்தியாகவும் இருக்கும், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ரீடிங் வரும், கன்கார்டன்ட் வேல்யூ (ஒன்றோடொன்று ஒத்துப்போகும் ரீடிங்) வரவே வராது. மூடியை அழுத்திப் பிடித்துத் தலைகீழாகப் பத்துப் பதினைந்து முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இரண்டாவது, கணக்கின் கடைசி வரி. 0.1 நார்மல் பெர்மாங்கனேட் 18.6 மி.லி. ஆனால், 20 மி.லி. இரும்புக் கரைசலின் நார்மாலிட்டி 0.093. அதை 55.85 ஆல் பெருக்கினால் 5.194 கிராம், ஆனால் அது ஒரு லிட்டருக்கு. உங்களிடம் கொடுத்தது 100 மி.லி., எனவே விடை 0.5194 கிராம். பத்தால் வகுக்காமல் விட்டு மார்க் போனால் அந்த அநியாயத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

பிப்பெட் நுனியில் நிற்கும் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளாதீர்கள். அதையும் கழித்துத்தான் குறி போட்டிருக்கிறார்கள், நுனியைச் சுவரில் தொட்டு எடுத்தால் போதும்.

‘இந்தக் காலத்தில் யார் சார் டைட்ரேஷன் செய்கிறார்கள், எல்லாம் மெஷின்’ என்று கமெண்டில் ஒருவர் வருவார். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பரிசோதனைக் கூடங்களில் விசாரியுங்கள். தோலில் உள்ள குரோமியத்தை அயோடின் டைட்ரேஷனில் அளப்பது இன்றும் அங்கே புழங்கும் முறைதான்.

குரோமியம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை, நீங்கள் கேட்காவிட்டாலும். டைக்ரோமேட் (குரோமியச் சேர்மம்) டைட்ரேஷன் முடிந்ததும் பியூரெட்டில் மிஞ்சிய ஆரஞ்சுக் கரைசலை அப்படியே சிங்க்கில் கவிழ்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்கு 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அதே மாவட்டத்தில்! தோல் பதனிடப் பயன்படுவதாவது மூன்று இணைதிறன் குரோமியம். பியூரெட்டில் இருப்பது ஆறு, புற்றுநோய் உண்டாக்குவது. மிஞ்சியதைத் தனி பாட்டிலில் சேர்த்து, அமிலமும் மிச்ச மோர் சால்ட்டும் ஊற்றினால் பச்சையாகி மூன்றாகிவிடும். பிறகு காரம் சேர்த்தால் ஹைட்ராக்சைடாகப் படியும், வடிகட்டி எடுக்கலாம். காசு ஒன்றும் ஆகாது. அட்டெண்டருக்குக் கூடுதல் வேலை என்பார்கள், இருக்கட்டுமே.

ரெக்கார்டு விஷயத்துக்கு வருகிறேன். அப்சர்வேஷன் நோட்டில் ரீடிங்கைப் பேனாவால் எழுதி அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பென்சிலில் எழுதி அப்புறம் ‘சரி செய்கிற’ ரீடிங், மூன்றும் அச்சடித்தது போல 18.6 என்று நிற்கும். பார்க்கிறவருக்குத் தெரியாமல் இருக்காது. போனஃபைடு கையெழுத்து (இது உங்கள் வேலைதான் என்று துறை தரும் சான்று) இல்லாத ரெக்கார்டோடு பிராக்டிகல் தேர்வுக்குப் போனால் வாசலிலேயே நிற்க வேண்டி வரும். ஷார்ட் ப்ரொசீஜருக்கு (செய்முறைச் சுருக்கம்) மார்க் உண்டு, அதற்குக் கை நடுங்காது, எழுதிப் பழகினால் போதும்.

லேப் கோட் வாங்கும்போது பாலியெஸ்டர் கலந்ததை எடுக்காதீர்கள், பர்னர் பக்கத்தில் உருகி ஒட்டும். பருத்தி, முழுக்கை, முட்டி வரை நீளம். செருப்போடு போனால் உள்ளே விடமாட்டார்கள், ஷூ வேண்டும். ரெக்கார்டு நோட்டை மட்டும் முன்கூட்டி வாங்கிவிடாதீர்கள். அட்டை நிறம், பக்க எண்ணிக்கை எல்லாம் டிபார்ட்மென்டுக்கு டிபார்ட்மென்ட் மாறும், கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார்.