203 மீட்டர் குன்றில் பீரங்கியை ஏற்றாதீர்கள்

கேள்வி: 1904-ல் சீனாவில் ரஷ்யர்கள் வசமிருந்த போர்ட் ஆர்தர் துறைமுகத்தை ஜப்பான் முற்றுகையிட்டதை 1/35 அளவில் மாதிரியாகச் செய்கிறேன். ஜப்பானின் 28 செ.மீ. ஹோவிட்சரை (குண்டை உயர வளைத்து எறியும் குட்டைக் குழல் பீரங்கியை) 203 மீட்டர் குன்றின் உச்சியில் வைக்கலாமா? அதன் சக்கரங்கள் எப்படி இருக்கும்?

பதில்: இரண்டும் வேண்டாம். குன்றின் மேல் இருந்தவர்கள் ஜப்பானிய நோக்கர்கள். டிசம்பர் 5 அன்று குன்று கைக்கு வந்ததும், துறைமுகத்தில் நின்ற ரஷ்யக் கப்பல்களைப் பார்த்து, குண்டு விழும் இடத்தைத் தொலைபேசியில் திருத்திச் சொன்னார்கள். சுட்ட பீரங்கிகள் பின்னால், மேடுகளுக்கு மறைவில் இருந்தன. குழலை நன்றாக மேல்நோக்கி நிமிர்த்திச் சுடும் ஹோவிட்சருக்கு இலக்கு கண்ணில் படவேண்டிய அவசியம் இல்லை.

இது இத்தாலிய வடிவமைப்பைப் பின்பற்றி 1880-களில் ஒசாகா ஆயுதச் சாலையில் உருவான கடலோரப் பீரங்கி. வார்ப்பிரும்புக் குழல், மேலே எஃகு வளையங்கள். கப்பலின் மேல்தளத்தைத் துளைக்க 217 கிலோ குண்டை 7 கி.மீ.க்கு மேல் எறியும். இழுத்துச் செல்லும் சக்கரம் கிடையாது. ஜப்பானியக் கடற்கரையிலிருந்து பெயர்த்து, கப்பலில் அனுப்பி, ரயிலிலும் பிறகு ஆட்கள் கயிறு கட்டி இழுத்தும் 18 பீரங்கிகளைக் கொண்டுவந்தார்கள். முதல் 6 பீரங்கிகள் அக்டோபர் 1-ல் சுடத் தொடங்கின.

ஆகவே உங்கள் உழைப்பு அடித்தளத்தில்தான் போகவேண்டும். முதலில் கான்கிரீட் படுகை, அதன்மேல் வட்டத் தண்டவாளம், அதில் சுழலும் கீழ்ச்சட்டம். சட்டத்தின் மேற்பகுதி சாய்வாக இருக்கும். சுட்டதும் குழல் அந்தச் சாய்வில் பின்னேறி, தன் எடையால் திரும்ப இறங்கும். பலர் சட்டத்தைத் தட்டையாகச் செய்து இந்த இயக்கத்தையே தொலைத்துவிடுகிறார்கள். பின்பக்கம் குண்டு தூக்கும் சிறு கிரேனை விட்டுவிடாதீர்கள். 217 கிலோவைக் கையால் ஏற்றமுடியாது. குண்டேற்றும் காட்சி என்றால் குழல் கிடையாகத் தாழ்ந்திருக்கட்டும்.

அளவு: குழல்வாய் 8 மி.மீ. குழலின் நீளம் வாய் விட்டத்தின் 10 மடங்குதான், எனவே சுமார் 8 செ.மீ. குட்டையாகத் தெரிகிறதே என்று நீட்டவேண்டாம், அதுதான் சரி.

ரஷ்யக் கோட்டைப் பக்கத்தையும் செய்தால், வெடிக்காத குண்டுகள் சிலவற்றை மண்ணில் புதைத்து வையுங்கள். கப்பலின் இரும்புத் தளத்துக்காக அமைத்த, குண்டை வெடிக்கவைக்கும் திரி அடிப்பகுதியில் இருந்ததால், இளகிய மண்ணில் விழுந்த பல குண்டுகள் வெடிக்கவே இல்லை.