ஞாயிற்றுக்கிழமை எறியாத குண்டு

அன்புள்ள ஐயா,

1900 பாரீஸ் ஒலிம்பிக் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். குண்டு எறிதலில் இரண்டாம் இடம் பெற்ற மெக்ராக்கனும் மூன்றாம் இடம் பெற்ற கேரட்டும் ஞாயிற்றுக்கிழமை என்பதால் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு அந்த வரி நெருடிக்கொண்டே இருக்கிறது. களத்துக்கு வராதவனுக்கு எப்படி மெடல்? எங்கள் மாவட்டப் போட்டிகளில் மூன்று முறை பேர் கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் பேரை அடித்துவிட்டு அடுத்தவனைக் கூப்பிடுவோம். அங்கே வந்து நின்று எறிந்த ஹங்கேரிக்காரரும் கிரேக்கரும் வெறுங்கையோடு போயிருக்கிறார்கள். அமெரிக்கர்கள் என்பதால் காட்டிய சலுகையா? நம் கல்கத்தாவில் பிறந்து அங்கே ஓடிய நார்மன் பிரிட்சார்டும் ஞாயிறு ஓட மறுத்தாரா என்பதையும் சொல்லுங்கள்.

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

சலுகை இல்லை. அன்றைய விதியே அப்படித்தான். சனிக்கிழமை தகுதிச் சுற்றில் எறிந்த தூரம் மறுநாள் கணக்கிலும் சேரும். ஞாயிறு எறிவது கூடுதல் வாய்ப்பு, அவ்வளவுதான்.

இதை உங்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. இன்றைய பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்றில் எல்லோரும் மூன்று முறை எறிகிறார்கள், முன்னணியில் இருப்பவர்களுக்கு மேலும் மூன்று வரை. எறிந்ததில் எது அதிகமோ அதுதான் கணக்கு. மூன்றாவது எறியோடு ஒருவன் தசை பிடித்து உட்கார்ந்துவிட்டால் அவன் எறிந்த தூரத்தை யாராவது அழிக்கிறார்களா? 1900-இல் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். நடுவில் ஒரு ராத்திரி வந்துவிட்டது. தகுதிச் சுற்றைத் தனியாக வெட்டி, இறுதிச் சுற்றில் எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற வழக்கம் பிற்பாடு வந்தது. நீங்கள் அந்த வழக்கத்தைக் கொண்டுபோய் பாரீஸில் பொருத்திப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

அந்த ராத்திரி நடுவில் வந்ததும் ஏற்பாட்டாளர்களின் குளறுபடிதான். முதலில் ஜூலை 15, ஞாயிறு என்று வைத்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல அன்று கிறித்தவச் சபைகளின் பிடியில் இருந்தவை. ஓய்வுநாளில் விளையாட்டா என்று எதிர்ப்பு வந்ததும் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். மாற்றிய பிறகுதான் உறைத்தது, சனிக்கிழமை ஜூலை 14, பிரான்ஸின் தேசியத் திருநாள். ஊரே ராணுவ அணிவகுப்பு பார்க்கப் போய்விடும், இங்கே ஈ காக்கை இருக்காது. ஆகவே சில இறுதிச் சுற்றுகள் மறுபடி ஞாயிற்றுக்குப் போயின. உலகக் கண்காட்சியின் பின்னிணைப்பு போல நடந்த ஒலிம்பிக் அது. பாரீஸின் புலோன் காட்டில் ஒரு கிளப்பின் புல்வெளிதான் மைதானம். மரங்களை வெட்டக்கூடாது என்றுவிட்டார்கள். கேரட் எறிந்த வட்டுகள் மரத்தில் போய் மோதின, வட்டு எறிதலில் அவர் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. குண்டை இன்றுபோல வட்டத்துக்குள் நின்று எறியவில்லை, சதுரம் போட்டிருந்தார்கள். குண்டு மட்டும் மாறவில்லை, அதே 16 பவுண்டு.

சரி, எண்களுக்கு வருவோம். முதல் இடம் பெற்ற அமெரிக்கர் ரிச்சர்ட் ஷெல்டன் சனிக்கிழமையே 13.80 மீட்டர் எறிந்துவிட்டார். மெக்ராக்கன் 12.85, கேரட் 12.37. ஞாயிறு ஷெல்டன் வந்து 14.10 எறிந்தார். முதல் இடத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. நீங்கள் இரக்கப்படும் ஹங்கேரிக்காரர் ரெஜோ கிரெட்டியருக்கும் கிரேக்கர் பரஸ்கெவோபூலோஸுக்கும் என்ன குறை வைத்தார்கள்? எதிராளி இருவர் இனி ஒரு சென்டிமீட்டர்கூட ஏற முடியாது. 12.37 என்று ஒரு கோடு தரையில் அசையாமல் கிடக்கிறது. கையில் குண்டு இருக்கிறது, வாய்ப்பும் இருக்கிறது. தாண்டினால் மூன்றாம் இடம். இருவராலும் முடியவில்லை. போட்டியாளன் எதிரில் இல்லாததால் இழந்தவர்கள் இல்லை அவர்கள். அது அவர்களுக்கு வாய்த்த சாதகம்.

பரஸ்கெவோபூலோஸ் ஏதென்ஸிலும் கேரட்டிடம் தோற்றவர். 1896-இல் வட்டு எறிதல் கிரேக்கர்களின் சொத்து என்று கூட்டம் நம்பிக்கொண்டிருந்தபோது, பிரின்ஸ்டனிலிருந்து வந்த கேரட் 20 சென்டிமீட்டர் வித்தியாசத்தில் அவரை முந்தினார். கேரட் அதற்கு முன் முறையான வட்டையே பார்த்ததில்லை. ஊரில் ஒரு கொல்லரிடம் செய்யச் சொல்லி, வந்த வட்டின் கனத்தைப் பார்த்துக் கைவிட்டவர். ஏதென்ஸில் குண்டு எறிதலிலும் அவர்தான் முதல், 11.22 மீட்டர். இந்த எண்ணைப் பாரீஸின் 12.37-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு வருடத்தில் ஒரு மீட்டருக்கு மேல் கூட்டி எறிந்த மனிதர் மூன்றாம் இடத்துக்கு இறங்கியிருக்கிறார். களம் அவ்வளவு வேகமாக மாறிக்கொண்டிருந்தது.

இதே விதி இன்னொருவரை எப்படிச் சுட்டது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அமெரிக்கச் சலுகை என்ற உங்கள் சந்தேகம் தீராது. நீளம் தாண்டுதல். மையர் பிரின்ஸ்டைன் சனிக்கிழமை 7.175 மீட்டர் தாண்டி முதலில் நின்றார். அவர் யூதர். அவருடைய ஓய்வுநாள் சனிக்கிழமை, அன்று தாண்டிவிட்டார். ஆனால் அவர் படித்த சிரக்யூஸ் பல்கலைக்கழகம் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தது, ஞாயிறு இறங்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. சக அமெரிக்கரான ஆல்வின் கிரான்ஸ்லைன் ஞாயிறு இறங்கி 7.185 தாண்டினார். ஒரே ஒரு சென்டிமீட்டர். பிரின்ஸ்டைன் கோபத்தில் கிரான்ஸ்லைனின் முகத்தில் குத்தினார் என்றும் சொல்வதுண்டு. திங்கட்கிழமை அவர் மும்முறைத் தாண்டுதலில் 14.47 மீட்டரோடு முதலிடம் வாங்கியது வேறு கதை.

ஆக, கேரட்டுக்குத் தங்கிய இடம் பிரின்ஸ்டைனுக்குத் தங்கவில்லை. வராதவனின் எண் பாதுகாப்புப் பெட்டகத்தில் இல்லை, வந்தவர்கள் தொடுகிற தூரத்தில்தான் இருந்தது. வருத்தப்படுவதாக இருந்தால் கிரெட்டியரை விட்டுவிடுங்கள். தன் மதத்துக்குச் சம்பந்தமில்லாத ஓய்வுநாளுக்காக வெளியே நிற்க வேண்டிவந்த பிரின்ஸ்டைனுக்காக நான் உங்களோடு சேர்ந்து வருத்தப்படுகிறேன்.

மெக்ராக்கன் விஷயம் வேறு. அவரோடு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான் கிரான்ஸ்லைன். அவர் ஞாயிறு இறங்கியிருக்கிறார் என்றால், மெக்ராக்கன் இறங்காதது சொந்த முடிவு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அவர் மருத்துவரானார், மிஷனரியாகச் சீனாவுக்குப் போய் நெடுங்காலம் அங்கே மருத்துவம் கற்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பக்தி வந்த ஆள் இல்லை.

‘மெடல்’ என்ற உங்கள் சொல்லில் ஒரு சின்னத் திருத்தம். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசை 1904 செயின்ட் லூயிஸில்தான் வந்தது. பாரீஸின் இடங்களுக்கு அந்தப் பெயர்களைப் பின்னால் வந்தவர்கள் கொடுத்தார்கள்.

பிரிட்சார்டுக்கு வருகிறேன். 200 மீட்டர் தடை ஓட்டம் 16-ஆம் தேதி, திங்கட்கிழமை. கிரான்ஸ்லைனுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தார். 200 மீட்டர் ஓட்டம் 22-ஆம் தேதி, அது ஞாயிறு. பிரிட்சார்ட் ஓடினார், அமெரிக்கர் டியூக்ஸ்பரிக்கு அடுத்து இரண்டாம் இடம்.