மைதானத்து வாத்தியார் பதில்கள்

சிட்னியில் வேலை பார்க்கும் என் மகன் போனில் சாம் பர்ஜெஸ் என்ற ரக்பி லீக் வீரரைப் பற்றியே பேசுகிறான். கன்னத்து எலும்பு உடைந்தும் முழு ஆட்டத்தையும் ஆடினாராம். நம்பலாமா சார்?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

நம்பலாம் அம்மா. 2014 அக்டோபர் 5, ஆஸ்திரேலிய லீக்கின் இறுதி ஆட்டம். சவுத் சிட்னிக்கு ஆடிய பர்ஜெஸ், முதல் நிமிடத்திலேயே கேன்டர்பரி அணியின் ஜேம்ஸ் கிரஹாமோடு தலை மோதி, கன்னத்தெலும்பை உடைத்துக்கொண்டார். கிரஹாம் யார் தெரியுமா? இங்கிலாந்து அணியில் இவரோடு சேர்ந்து ஆடியவர்! வீங்கிய முகத்தோடு 80 நிமிடமும் நின்றார் பர்ஜெஸ். 30-6 என்று ஜெயம், சிறந்த ஆட்டக்காரர் பதக்கமும் அவருக்கே. 1971-க்குப் பிறகு அந்தக் கிளப் வாங்கிய முதல் கோப்பை அது. 1970 இறுதி ஆட்டத்தில் அதே கிளப்பின் கேப்டன் ஜான் சாட்லர் தாடை உடைந்து ஆடியிருக்கிறார். என்ன ராசியோ!

பர்ஜெஸ் ஃபார்வர்டு, அதாவது முன்வரிசை ஆட்டக்காரர். அணிக்கு 13 பேரில் ஆறு பேர் ஃபார்வர்டுகள். பந்தை முன்னால் எறியக் கூடாது என்பது விதி. அதனால் யாராவது அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிராளிக் கூட்டத்துக்குள் புகுந்துதான் ஆக வேண்டும். ஆறு முறை பிடிபட்டால் பந்து கைமாறிவிடும். நம் கபடியில் பாடிப் போகிறவன் கோட்டைத் தொட்டுத் தப்பிவிடலாம். இங்கே பிடிபடுவதற்கென்றே ஓட வேண்டும், எழுந்து மறுபடி ஓட வேண்டும், எதிரணி வந்தால் பிடிக்கவும் வேண்டும்.

பர்ஜெஸ் 1988-ல் இங்கிலாந்தின் டியூஸ்பரியில் பிறந்தவர். பிராட்ஃபோர்டில் ஆடிவிட்டு 2010-ல் சிட்னிக்குப் போனார். 2013-ல் அண்ணன் தம்பி நாலு பேரும் ஒரே கிளப். நடுவில் 15 பேர் ஆடும் ரக்பி யூனியனுக்குத் தாவி, 2015 உலகக் கோப்பையில் ஆடினார். அது எடுபடவில்லை, 2016-லேயே மறுபடி சவுத் சிட்னிக்கு ஆட வந்துவிட்டார். 2017 லீக் உலகக் கோப்பை இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 6-0 என்று தோல்வி. 2019-ல் முப்பது வயதில் ஓய்வு. ஊரெல்லாம் பேசிய கன்னம் ஆறிவிட்டது அம்மா. வருஷக்கணக்கில் இடித்து இடித்துத் தேய்ந்த தோள்தான் ஆளை வீட்டுக்கு அனுப்பியது. உங்கள் மகனிடம் அதையும் கேட்டுப் பாருங்கள்.

ரக்பிக்கு 15 பேர் என்றல்லவா படித்தேன்?
– ஒரு வாசகர், ஆலங்குளம்

அது ரக்பி யூனியன். மேலே சொன்ன 13 பேர் ஆட்டம் ரக்பி லீக். 1895 வரை இரண்டும் ஒன்றுதான். வட இங்கிலாந்தில் ஆடியவர்களில் பலர் மில், சுரங்கத் தொழிலாளிகள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு. அதை ஈடுகட்ட ரக்பிச் சங்கம் ஒப்பவில்லை. அந்த வருஷம் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஓட்டலில் கூடிய கிளப்புகள் பிரிந்து போயின. அதிலிருந்து வந்ததுதான் லீக். விக்கிரமசிங்கபுரத்து மில்காரர்களிடம் சொன்னால் இரண்டாவது விளக்கம் கேட்கமாட்டார்கள். யூனியன் 1995-ல்தான் சம்பளத்துக்குச் சம்மதித்தது!

சார், சுண்டுவிரல் பிசகிவிட்டது. நாளை மறுநாள் கோயில் கொடைக்குக் கபடி. கட்டுப் போட்டு ஆடட்டுமா?
– ஒரு மாணவன், திசையன்விளை

வேண்டாம் தம்பி, முதலில் டாக்டரிடம் காட்டு. உன் வயசில் தேரிக்காட்டுப் பக்கம் ஓர் ஆட்டத்தில் எனக்கும் இதே விரல் பிசகியது. துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு ஆடினேன். பரிசுக் கிடாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் வந்தோம். நாற்பது வருஷமாகிறது, விரல் மடங்கவில்லை. சோறு பிசையும்போது நாலு விரலும் குழம்புக்குள் இருக்க, இது மட்டும் வெளியே விறைத்து நிற்கும். என் வீட்டுக்காரி பரிமாறும்போதெல்லாம் சொல்வாள்: "ஒரு கிடாக்கறிக்கு ஒரு விரலக் குடுத்துட்டு வந்திருக்கிய. அதுலயும் உங்களுக்கு ரெண்டு துண்டுதான் கெடச்சிருக்கும்."